ஒகொன்க்வோவை அழித்தது வெள்ளைக்காரன் மட்டும்தானா?

சினுவா ஆச்சிபியின் 'திங்ஸ் ஃபால் அபார்ட்' எங்களுக்கு இந்த செமஸ்டர் பாடத்தில் இருக்கிறது. (தமிழில் என்.கே. மகாலிங்கம் 'சிதைவுகள்' என்று மொழிபெயர்த்திருக்கிறார். ஆங்கிலம் பயமுறுத்தினால் அதைத் தேடிப் படியுங்கள்.) இதுவரை நான் கேட்ட செமினார்கள், புரட்டிய கைடுகள் எல்லாமே நாவலை ஒரே வரியில் முடித்துவிடுகின்றன: அழகான ஆப்பிரிக்க கிராமம், வெள்ளைக்காரன் வந்தான், எல்லாம் போச்சு. ஐந்து மார்க் கேள்விக்கு இந்தப் பதில் போதும். நாவலுக்குப் போதாது. ஆச்சிபி மெனக்கெட்டு எழுதிய பாதிக் கதையைக் கிழித்து எறிந்தால்தான் இந்த ஒரு வரி கிடைக்கும்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நைஜீரியாவின் இக்போ மக்கள் வாழும் உமுவோஃபியா என்ற ஊர், காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி. ஒகொன்க்வோ மல்யுத்த வீரன், சேனைக்கிழங்கு பயிரிட்டு சொந்த உழைப்பில் மேலே வந்தவன். அவன் அப்பா உனோகா புல்லாங்குழல் வாசித்துக்கொண்டு ஊரெல்லாம் கடன் வைத்துச் செத்தவர். அப்பா மாதிரி ஆகிவிடக் கூடாது என்பதுதான் மகனின் வாழ்க்கை லட்சியமே. ஒரு சாவு வீட்டில் அவன் துப்பாக்கி தவறி வெடித்து ஒரு பையன் செத்துப்போக, ஏழு வருடம் ஊரை விட்டுப் போகவேண்டி வருகிறது. அம்மா பிறந்த ஊரான ம்பாண்டாவுக்குப் போகிறான். அந்த இடைவெளியில் மிஷனரிகள் வருகிறார்கள், பின்னாலேயே கோர்ட்டும் ஜெயிலும் வருகின்றன. திரும்பி வந்தவன் கோர்ட் சேவகன் ஒருவனை வெட்டிக் கொல்கிறான், பிறகு தூக்கில் தொங்குகிறான்.

இப்போது ஒரு சின்ன கணக்கு. நாவலில் மொத்தம் 25 அத்தியாயங்கள். மிஷனரிகள் மேடைக்கு வருவது 16-வது அத்தியாயத்தில். அப்படியானால் முதல் 15 அத்தியாயங்களில் ஆச்சிபி என்ன செய்துகொண்டிருந்தார்? கள் குடிப்பதையும் கல்யாணம் பேசுவதையும் காட்டிக்கொண்டிருந்தார் என்பார்கள். அதுவும் உண்டு, அருமையாகவே உண்டு. ஆனால் அதே அத்தியாயங்களில்தான் இகெமெஃபுனா சாகிறான்.

இகெமெஃபுனா பக்கத்து ஊர்ப் பையன். உமுவோஃபியா பெண் ஒருத்தியை அந்த ஊரார் கொன்றதற்கு ஈடாக ஒப்படைக்கப்பட்டவன். ஒகொன்க்வோ வீட்டில் மூன்று வருடம் வளர்கிறான், அவனை அப்பா என்று கூப்பிடுகிறான். ஒகொன்க்வோவின் மகன் ந்வோயேவுக்கு அண்ணன் மாதிரி. ஒருநாள் தெய்வவாக்கு வருகிறது, பையனைக் கொல்லவேண்டும் என்று. ஊர்ப் பெரியவர் எஸெயுடு வீடு தேடி வந்து, உன்னை அப்பா என்று கூப்பிடும் பிள்ளை, நீ இதில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டுப் போகிறார். நண்பன் ஒபியரிகா கூடப் போகவே இல்லை. ஆனால் வெட்டுப்பட்டு "அப்பா" என்று ஓடிவரும் பையனை ஒகொன்க்வோ தன் கையாலேயே வெட்டுகிறான். கோழை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்! அன்று ராத்திரி ந்வோயேவுக்குள் ஏதோ ஒன்று அறுந்துபோகிறது. அதற்கு முன்னாலும் ஒருமுறை அவனுக்கு அப்படி ஆகியிருந்தது. வயல் வேலை முடித்து வரும்போது, காட்டுக்குள் மண்பானையில் போட்டு எறியப்பட்ட இரட்டைக் குழந்தைகளின் அழுகையைக் கேட்ட நாள்.

இது எல்லாமே வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பு நடந்தது. ந்வோயே பின்னால் மிஷனரிகளிடம் போனதற்கு காரணம், மூன்று கடவுளும் ஒரே கடவுளும் என்ற அவர்களின் கணக்கு இல்லை. அது அவனுக்குப் புரியவே இல்லை என்று ஆச்சிபியே எழுதுகிறார். அவனுக்குள் கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்கு அவர்கள் பாட்டில் ஏதோ ஒரு பதில் மாதிரி கிடைத்தது, அவ்வளவுதான்.

அடுத்து அந்தக் காட்டு விஷயம். நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, எந்த செமினாரிலும் யாரும் தொடுவதில்லை. மிஷனரிகள் தேவாலயம் கட்ட இடம் கேட்கிறார்கள். ம்பாண்டா பெரியவர்கள் சிரித்துக்கொண்டே தீய காட்டைக் கொடுக்கிறார்கள். தொழுநோயிலும் அம்மையிலும் செத்தவர்களைப் புதைக்கிற இடம், இரட்டைக் குழந்தைகளை வீசுகிற இடம். நாலு நாளில் செத்துவிடுவார்கள் என்று கணக்கு. யாரும் சாகவில்லை. பிறகு ஏழு சந்தை வாரம் கெடு வைக்கிறார்கள். அதுவும் தாண்டிவிடுகிறது. ஊர் தான் தூக்கி எறிந்ததையெல்லாம் குவித்து வைத்திருந்த இடத்தையே எடுத்து அந்நியனிடம் கொடுத்தது. எறியப்பட்டவர்கள் பின்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

யார் யார் போனார்கள் என்று பாருங்கள். ந்நேகா என்ற கர்ப்பிணி. நாலு பிரசவம், நாலிலும் இரட்டை, எட்டுக் குழந்தைகளும் காட்டுக்குப் போய்விட்டன. அவள் ஓடிப்போனதும் புருஷன் வீட்டார் தொல்லை விட்டது என்கிறார்கள். பிறகு ஓசுக்கள். தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்கள், மற்றவர்களோடு சம்பந்தம் கிடையாது, ஊர்க்கூட்டத்தில் இடம் கிடையாது, முடி வெட்டக் கூடாது, செத்தால் தீய காடு. அவர்கள் தேவாலயத்துக்குள் நுழைந்தபோது எதிர்த்தது யார் தெரியுமா? புதிதாக மதம் மாறியவர்களேதான்! கியாகா என்ற இக்போ போதகர் உறுதியாக நிற்கவும்தான் அவர்களை உள்ளே விட்டார்கள்.

"ஐயோ, நம்ம ஊர் மாதிரியே இருக்குல்ல" என்று வகுப்பில் ஒரு நண்பர் சிலிர்த்தார். சேனைக்கிழங்கு, பாட்டி கதை, பழமொழி எல்லாம் அவருக்கு ஊர் ஞாபகம். நியாயம்தான். ஓசு வருகிற அத்தியாயத்திலும் அவருக்கு ஊர் ஞாபகம் வந்ததா என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார். ஊரின் நடுவில் நின்றே எல்லோரும் இந்த நாவலைப் படிக்கிறோம். ஓரத்தில் நின்று படித்தால் கதை வேறு.

உடனே சிலர் குஷியாகிவிடுவார்கள். அப்போ மிஷனரிகள் வந்தது நல்லதுதானே, காட்டுமிராண்டிகளைத் திருத்தினார்கள் அல்லவா என்று. அவர்களுக்கும் இந்த நாவலில் இடமில்லை. ஒரு வெள்ளைக்காரனைக் கொன்றதற்காக அபாமே என்ற ஊரையே சந்தை நாளில் சுற்றி வளைத்துச் சுட்டுத் தீர்க்கிறார்கள். இதற்கு அடிப்படையான சம்பவம் நிஜத்தில் நடந்தது. 1905-ல் அஹியாரா பகுதியில் சைக்கிளில் வழி தவறிப் போன ஒரு வெள்ளைக்கார டாக்டர் கொல்லப்பட்டார், அதற்குப் பழிவாங்க பிரிட்டிஷ் படை போனது. நாவலில் பேச்சுவார்த்தைக்கு என்று கூப்பிட்டு ஆறு தலைவர்களுக்கு விலங்கு போடுகிறார் கமிஷனர், அவருடைய சேவகர்கள் மொட்டையடிக்கிறார்கள். 200 மூட்டை சோழி அபராதம் என்கிறார். சேவகர்கள் ஊரில் போய் 250 என்று சொல்லி மீதியை அமுக்குகிறார்கள். கடைசிப் பக்கத்தில் ஒகொன்க்வோவின் முழு வாழ்க்கையும் தன் புத்தகத்தில் ஒரு பத்திக்குத் தேறும் என்று அதே கமிஷனர் கணக்குப் போடுகிறார். இதைப் படித்த பிறகும் திருத்த வந்தவர்கள் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

சரி, அப்போது நான் என்னதான் சொல்ல வருகிறேன்?

அந்த ஊருக்குள் ஏற்கனவே ஒரு வாதம் நடந்துகொண்டிருந்தது. அதுதான் நாவலின் உயிர். பையனைக் காப்பாற்ற முடியாவிட்டாலும் கை வைக்காதே என்று எஸெயுடு சொன்னது அந்த வாதம். அமைதி வாரத்தில் சண்டை போட்டவனை முன்பெல்லாம் தரையில் இழுத்துப் போய்க் கொல்வார்கள், அதுவே அமைதியைக் கெடுக்கிறது என்று நிறுத்திவிட்டார்கள் என அதே கிழவர் சொல்கிறார். அதாவது வெளியிலிருந்து யாரும் வந்து சொல்லாமலே வழக்கம் மாறியிருக்கிறது. தெரியாமல் செய்த தப்புக்கு ஒரு மனிதனுக்கு ஏன் இத்தனை தண்டனை என்று ஒபியரிகா தனியே உட்கார்ந்து யோசிக்கிறான். தன் மனைவி பெற்ற இரட்டைக் குழந்தைகள் என்ன பாவம் செய்தன என்றும் யோசிக்கிறான். பதில் கிடைக்கவில்லை. கிடைக்க இன்னும் ஒரு தலைமுறை ஆகியிருக்கலாம். துப்பாக்கியோடு வந்தவன் அந்த ஒரு தலைமுறையைப் பறித்துக்கொண்டான். அவன் குற்றம் அதுதான், அது சின்னக் குற்றமும் இல்லை. ஆனால் "அழகான கிராமம் அழிந்தது" என்று எழுதும் நம்ம ஆட்களும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள். அங்கே வாதமே இல்லை என்று அடித்துச் சொல்கிறார்கள். ஒபியரிகாவின் யோசனைக்கு கமிஷனர் புத்தகத்திலும் இடமில்லை, நம் கைடிலும் இடமில்லை.

தன் நாவல்கள், ஐரோப்பியர்கள் வந்து மீட்ட ஒரு நீண்ட இருட்டு அல்ல நம் கடந்த காலம் என்று கற்றுக்கொடுத்தால் போதும் என 1965-ல் ஆச்சிபி ஒரு கட்டுரையில் எழுதினார். இதைத்தான் எல்லோரும் எடுத்து நீட்டுவார்கள். இருட்டு அல்ல என்றார், சரி. குறையே இல்லாத வெளிச்சம் என்று எங்கே சொன்னார்? அவர் அப்பாவே மதம் மாறி தேவாலயப் பணி செய்தவர். இரண்டு பக்கமும் பார்த்து வளர்ந்த மனிதர் எழுதிய புத்தகம் இது.

சந்தேகம் இருந்தால் 1960-ல் வந்த அவரது இரண்டாவது நாவல் 'நோ லாங்கர் அட் ஈஸ்' படியுங்கள். ந்வோயே இப்போது ஐசக், தேவாலய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழவர். மகன் ஓபி லண்டனில் படித்துவிட்டு வந்து கிளாரா என்ற நர்ஸைக் காதலிக்கிறான். அவள் ஓசு. நாம்தான் கிறிஸ்தவர்களாயிற்றே, நமக்கேது ஓசு என்கிறான் மகன். அது தொழுநோய் மாதிரி, குடும்பத்துக்குள் கொண்டுவராதே என்று கெஞ்சுகிறார் அப்பா. பானைக்குள் குழந்தைகள் அழுததைக் கேட்டு வீட்டை விட்டு ஓடினானே, அதே ந்வோயே! நிஜத்தில் கிழக்கு நைஜீரிய சட்டசபை 1956-லேயே ஓசு முறையை ஒழித்துச் சட்டம் போட்டிருந்தது. சட்டம் வந்து நாலு வருடம் கழித்துத்தான் இந்த நாவல் வருகிறது. கல்யாணம் நடக்கவில்லை.

அடுத்த வாரம் செமினார் எடுக்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 17-வது அத்தியாயத்தில் ந்வோயே அப்பா வீட்டை விட்டுப் போகிறான். அதற்கு முன் அந்த வீட்டில் என்னென்ன நடந்தது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு வாருங்கள். ஸ்லைடு எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.