முழு மாத்திரைக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

இருபது கிலோ எடையுள்ள பிள்ளைக்குக் கிரோன் என்ற குடல் அழற்சி நோய் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஓர் அசதியோபிரின் மாத்திரை, 50 மில்லிகிராம். கிலோவுக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம் என்ற பாடப்புத்தகக் கணக்குக்குச் சரியாகவே இருக்கிறது. ஆனால் சில பிள்ளைகளுக்கு மூன்றாவது, நான்காவது வாரத்தில் தலை வாரும்போது சீப்போடு முடி கொத்தாக வரும். பின்னாலேயே தொண்டைப்புண், காய்ச்சல். சீசன் காய்ச்சல் என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டால் உள்ளே வெள்ளணுக்கள் சரிவது யாருக்கும் தெரியாது.

குடல் அழற்சி நோயுள்ள பிள்ளைகளுக்கு இந்த மருந்தைத் தொடங்கும் முன் என்.யூ.டி.டி.15 மரபணுவைப் பரிசோதிக்க வேண்டும் என்பதே வடசென்னை மருத்துவர்களும் பெற்றோரும் சேர்ந்த இந்த அமைப்பின் நிலைப்பாடு.

காரணம் இருக்கிறது. மேலை நாடுகளில் வெகுகாலமாகப் பார்க்கப்படுவது இந்த மருந்தைச் செயலிழக்கச் செய்யும் டி.பி.எம்.டி. என்ற நொதி. ஐரோப்பியர்களில் பத்தில் ஒருவருக்கு அது மந்தம். நம்மவர்களில் அப்படி மந்தமாக இருப்பவர்கள் குறைவு. அதைமட்டும் பார்த்து 'நார்மல்' என்று அனுப்பினால் பாதிக் கதவைத்தான் பூட்டியிருக்கிறோம். கொரியாவின் கிரோன் நோயாளிகளை ஆராய்ந்தவர்கள் 2014இல், இந்த மருந்தால் வெள்ளணுக்கள் சரியக் காரணமாகும் என்.யூ.டி.டி.15 மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பியர்களிடம் அரிதான அது, தெற்காசியர்களில் பத்துப் பேரில் ஒருவருக்காவது இருக்கிறது. ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. இரு பெற்றோரிடமிருந்தும் இம்மாற்றத்தைப் பெற்றவர்கள், அசதியோபிரின் வகையைச் சேர்ந்த மெர்காப்டோபியூரின் மருந்தை, திட்டமிட்ட அளவில் 8 சதவீதம்தான் தாங்கினார்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் குடல் நோயில் வேறு மருந்தையே யோசிக்கச் சொல்கின்றன 2018 முதல் சர்வதேச வழிகாட்டுதல்கள். மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று மட்டும் மாறியிருந்தால் வழக்கமான அளவில் 30 முதல் 80 சதவீதத்தில் தொடங்கலாம்.

அப்படியானால் 'ஆசியர்' என்று எழுதி எல்லோருக்கும் பாதி கொடுத்துவிடலாமே? கூடாது. மருந்து போதாத பிள்ளைக்கு ரத்தபேதி நிற்காது, உயரமும் ஏறாது. ராயபுரத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, எண்ணூர் பர்மா நகர்ப் பிள்ளை, ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளியின் பிள்ளை எல்லாம் ஒரே ஓ.பி. வரிசையில்தான் நிற்கிறார்கள். யாருக்கு எந்த மரபணு என்று முகத்தையும் பெயரையும் பார்த்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது.

பரிசோதனை வாழ்நாளில் ஒரு முறைதான். முடிவைப் பிள்ளையின் நோட்டில் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். முடிவு வரும்வரை, அவசரமில்லாத இடத்தில் காத்திருக்கலாம். அவசரமென்றால் குறைந்த அளவில் தொடங்கலாம். மரபணு சரியாக இருந்தாலும் வெள்ளணுக்கள் குறையக்கூடும் என்பதால், முதல் இரண்டு மாதம் அடிக்கடி அணுக்களை எண்ணித்தான் ஆக வேண்டும். இதற்காக வாராவாரம் திருவொற்றியூரிலிருந்து எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போய்வந்தால் கூலி வேலை செய்யும் தாய்க்கு அன்றைய சம்பளம் போச்சு. அந்த ரத்தத்தை வீட்டருகே உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுத்து, முடிவைச் சிகிச்சை தரும் மருத்துவருக்கு அன்றே தெரிவிக்கும் ஏற்பாட்டை அரசு செய்து தர வேண்டும் என்று அமைப்பு கோருகிறது.