ஏரிக்குப் போறோமா, அடுப்படிக்குப் போறோமா?

இந்தப் பதிவைப் படிச்சிட்டு எங்க வாட்ஸப் குழுவுல நாலு பேர் என்னைக் கழட்டி விட்டாலும் விடுவாங்க. பரவாயில்லை. ஒவ்வொரு லாங் வீக்கெண்டுக்கும் மனசுக்குள்ளயே புழுங்கறதுக்கு, ஒரேயடியா இங்க கொட்டிட்டுப் போயிடறேன்.

சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பக்கம் பொட்டி தட்டுற நம்ம மக்களுக்கு கோடை வந்தா லேக் டாஹோதான். நாலஞ்சு குடும்பம், என்னை மாதிரி ரெண்டு மூணு பேச்சிலருங்க, காட்டுக்குள்ள ஒரு மரவீடு. கேபின் புக் ஆனதும் ஒரு கூகுள் ஷீட் வரும். முதல் டேப், தலைக்கு எவ்வளவு. ரெண்டாவது டேப், சாப்பாடு. மூணாவது டேப்னு ஒண்ணு நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை.

கடைசியா வந்த ஷீட்டை ஆணி இல்லாத ஒரு மதியத்துல உட்கார்ந்து எண்ணினேன். சாப்பாட்டுக்கு 63 வரி. இட்லி மாவு யார் அரைக்கிறது, அது வழியில பொங்காம யார் வண்டியில வர்றது, கறிவேப்பிலைக்குத் தனி வரி, அப்பளத்துக்குத் தனி வரி, பிரியாணிக்கு மட்டும் ஒன்பது வரி. ஏரிக்கு? ஒரே வரி. 'சனி மதியம், டைம் இருந்தா பீச், போட்டிங்'.

அந்த 'டைம் இருந்தா'தான் சாமி என்னை எழுத வெச்சது.

முதல்ல இது என்ன ஏரின்னு பார்ப்போம். 22 மைல் நீளம், 12 மைல் அகலம், ஆழமான இடத்துல 1,645 அடி. அமெரிக்காவுல இதைவிட ஆழமான ஏரி ஒண்ணே ஒண்ணுதான், ஆரிகன்ல இருக்கற க்ரேட்டர் லேக். கடல் மட்டத்துல இருந்து ஆறாயிரத்துச் சொச்சம் அடி உயரம். மலை மேல பனி உருகி 63 ஓடை வழியா உள்ள வருது, ட்ரக்கி ஆறு ஒண்ணு வழியாத்தான் வெளிய போகுது. ஜூன் மாசம் வெயில் மண்டையைப் பிளக்கும், ஆனா மேல்தண்ணி 15 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். கரையோரம் முட்டியளவு தண்ணி வெதுவெதுன்னு இருக்குறதைக் காலை விட்டுப் பார்த்துட்டு, ஏரியே அப்படித்தான்னு நெனைச்சுக்கறோம். ரூபிகான் பாயின்ட் பக்கம் கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளினாலே தரை சரேல்னு இறங்கிடும்.

குளிர்ந்த தண்ணியில திடீர்னு விழுந்தா உடம்பு நம்மளைக் கேக்காமலே ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அந்த நொடியில வாய் தண்ணிக்குள்ள இருந்தா கதை அங்கயே முடிஞ்சிடும். அதுல தப்பிச்சாலும் கொஞ்ச நேரத்துல கையும் காலும் சொன்ன பேச்சு கேக்காது. இதுல நீச்சல் தெரிஞ்சவன், தெரியாதவன்னு பெரிய வித்தியாசம் இல்லை. இப்ப நம்ம குழுவை எடுத்துக்குங்க. காலேஜ்ல நாலு வருஷம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படிச்சவன் இருக்கான், மிதக்கத் தெரிஞ்சவன் எத்தனை பேர்? கையைத் தூக்குங்க பார்ப்போம்.

2025 ஜூன் 21-ம் தேதி, சனிக்கிழமை மதியம். அதே 'சனி மதியம்'. டி.எல்.பிளிஸ் ஸ்டேட் பார்க் பக்கம் திடீர்னு புயல் காத்து அடிச்சு, பத்து பேர் போன 27 அடிப் படகு கவிழ்ந்தது. எட்டு பேர் இறந்து போனாங்க. காலையில அமைதியா இருந்த ஏரிதான் அது. நாம வாடகைக்கு எடுக்கறதோ, காத்தடைச்சுக் கொண்டு போறதோ, ஒரு பேடில்போர்டு. டாஹோவுல பெரும்பாலும் மதியத்துக்கு மேல தென்மேற்கில இருந்து காத்து எழும்பும். நாம தங்கற தென்கரையில அது ஆளை நடு ஏரிப் பக்கம் தள்ளிக்கிட்டுப் போகும். தள்ளுறது தெரியவே தெரியாது, திரும்பி வர முயற்சி பண்ணும்போதுதான் தெரியும்.

ஆக, தண்ணிக்குப் போக நல்ல நேரம் காலைதான். காலையில நாம என்ன பண்றோம்? பதினாலு பேருக்கு இட்லி ஊத்தறோம், ஈடு ஈடா. அது முடிய பதினொண்ணு. அப்புறம் பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கணும். கரைக்குப் போய்ச் சேரும்போது மணி மூணு. காத்து சரியா வந்து காத்துக்கிட்டு இருக்கும்.

"குழந்தைங்க வேற எதுவும் சாப்பிடாதுப்பா, சைவத்துக்கு அங்க என்ன கிடைக்கும்?"னு அண்ணாச்சி ஒருத்தர் வழக்கமா கேப்பார். நியாயமான கேள்விதான். தயிர் சாதமும் புளி சாதமும் கட்டிக்கிட்டுப் போங்க, யார் வேணாம்னது? சவுத் லேக் டாஹோ நடு ஊர்ல சேஃப்வே இருக்கு, பாலும் பிரெட்டும் அங்க வாங்கிக்கலாம். நான் சண்டை போடறது 63 வரியோட. அந்த ஷீட்ல 'யார் சமைக்கிறது'ன்னு ஒரு காலம் இருக்கு. அதுல இருந்த பேர் அத்தனையும் தங்கமணிகளோடது. ரங்கமணிகள் பேர் 'ஐஸ் வாங்குறது', 'கரி வாங்குறது' பக்கத்துல இருக்கு. நாலு மணி நேரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம்னா ஏழு மணி நேரம் வண்டியில உட்கார்ந்து வந்து அதே அடுப்பு முன்னாடி நிக்கிறதுக்குப் பேரு வெகேஷனாம்.

இன்னொரு விஷயம், அந்த உயரத்துல தண்ணி 94 டிகிரியிலயே கொதிச்சிடும். பருப்பு லேசுல வேகாது. குக்கர் கொண்டு வர மறந்த வருஷம் சாம்பார் எப்படி இருந்ததுன்னு சாப்பிட்டவங்களைக் கேளுங்க :-)

சாப்பாடுன்னு வந்ததால கரடியையும் சொல்லிடறேன். ராத்திரி மிச்ச பிரியாணியை டெக்ல வெச்சிட்டு, கூலரை வண்டியில விட்டுட்டுத் தூங்கறது நம்ம பழக்கம். டாஹோ கரடிக்குக் கார் கதவு திறக்கத் தெரியும். 'ஹேங்க் த டேங்க்'னு பேர் வாங்கின கரடி நினைவிருக்கா? ஹேங்க்னு நெனைச்சது கடைசியில பெண் கரடி. 2022-ல இருந்து குறைஞ்சது 21 வீட்டுக்குள்ள பூந்ததா டிஎன்ஏ வெச்சுக் கண்டுபிடிச்சு, 2023 ஆகஸ்ட்ல பிடிச்சு கொலராடோவுல ஒரு சரணாலயத்துக்கு அனுப்பினாங்க. மூணு குட்டிகளைத் தாய்கிட்ட இருந்து பிரிச்சு வேற இடத்துக்குக் கொண்டு போனாங்க. அது ஊர் உலகத்துக்கே தெரிஞ்ச கரடி, பிழைச்சுது. மனுஷன் சாப்பாட்டு ருசி கண்ட பல கரடிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, சுட்டுடறாங்க. நம்ம கூலருக்கு அது உயிரைக் கொடுக்குது.

எட்டு பேருக்குன்னு எழுதியிருக்கற கேபின்ல பதினாலு பேரைப் பின்வாசல் வழியா ஏத்தறதைப் பத்தித் தனிப் பதிவே போடலாம். அந்த ஊர்க்காரங்க 2018-ல வாக்கெடுப்பு வெச்சு, குடியிருப்புப் பகுதியில வாடகை வீடே வேண்டாம்னு 58 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சாங்க. அப்புறம் அது கோர்ட்டு படியேறினது வேற கதை. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு டெக்ல அந்தாக்ஷரி பாடறவங்களுக்கு, பக்கத்து வீட்டுக்காரன் ஏன் அப்படி ஓட்டுப் போட்டான்னு புரியாமலா இருக்கும்?

அடுத்த மாசத்துக்கான ஷீட் நேத்து வந்துடுச்சு. யாரையும் கேக்காம மூணாவது டேப் ஒண்ணு போட்டிருக்கேன். தலைக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், மார்புச் சுற்றளவோட. பேடில்போர்டும் அந்த ஊர்ச் சட்டப்படி படகுதான், ஆளுக்கு ஒரு ஜாக்கெட் அதுல இருக்கணும், 13 வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைங்க மாட்டியே ஆகணும். நம்ம டேப்ல எல்லாரும் மாட்டணும், அதை உட்காரப் போட்டுக்கறது செல்லாது. தண்ணியில எட்டு மணி முதல் பதினொண்ணு வரை, கரையில பார்த்துக்க ரெண்டு பேர், அவங்க கையில செல்ஃபோன் கிடையாது. காலையில பிரெட்டும் ஜாமும். ராத்திரி கூலர் வீட்டுக்குள்ள.

இதுவரைக்கும் ஒரே ஒரு கமெண்ட் வந்திருக்கு. 'பிரெட்டா??'ன்னு.