பினியன் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டியதில்லை

பிக்கப் ட்ரக்கின் பின்பக்கத்தைத் தாழ்த்தியவர் காதில் முதலில் விழும் அறிவுரை இதுதான்: “பின் ஆக்சிலின் பினியன் மூக்கைக் கியர்பாக்ஸைப் பார்க்கத் திருப்பு. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நேராக ஓடினால் அதிர்வே இருக்காது.” இரண்டு முனையிலும் ஒற்றைக் கிராஸ் (யுனிவர்சல் ஜாயின்ட்) உள்ள ஷாஃப்டுக்கு இது தவறான வழி.

சாய்ந்து சுழலும் கிராஸ், வேகத்தை அப்படியே கடத்துவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். முன் கிராஸ் கிளப்பும் அந்தத் துள்ளலை, அதே அளவு சாய்ந்த பின் கிராஸ்தான் அடக்குகிறது. அதற்குக் கியர்பாக்ஸின் அச்சும் பினியனின் அச்சும் இணையாக இருந்தாக வேண்டும்.

அமெரிக்காவில் ஆசையாகத் தாழ்த்தப்படும் 1973–87 செவர்லே சி10-ஐ எடுத்துக்கொள்வோம். லீஃப் ஸ்பிரிங் பட்டைக்குக் கீழே இருக்கும் ஆக்சிலை மேலே ஏற்றிக் கட்டினால் பின்பக்கம் சுமார் 15 செ.மீ. இறங்கும். தாழ்த்தும் முன் கியர்பாக்ஸும் பினியனும் 3 டிகிரியில் இணை, ஒன்றரை மீட்டர் ஷாஃப்டின் சரிவு 6 டிகிரி என்று வையுங்கள். இரண்டு கிராஸிலும் 3 டிகிரி. தாழ்த்தியபின் ஷாஃப்ட் ஏறத்தாழ மட்டமாகிவிடும். அப்போதும் இரண்டிலும் 3 டிகிரிதான், திசை மட்டுமே மாறியிருக்கிறது. எதையும் தொடத் தேவையில்லை! இந்த நிலையில் பினியனை ஷாஃப்டின் நேருக்குத் திருப்பினால் முன்னால் 3, பின்னால் 0. துள்ளலை அடக்க ஆளில்லை. கியர்பாக்ஸ் முனையில் இரட்டைக் கிராஸ் வைத்த ஷாஃப்டுக்கு மட்டும் அந்த அறிவுரை சரி.

“கோணமே இல்லாவிட்டால் தேய்மானமும் இல்லை” என்பதையும் நம்ப வேண்டாம். அப்படி ஓடிய கிராஸின் தொப்பியைக் கழற்றி, துணியால் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். வழவழப்பாக இருக்க வேண்டிய கிராஸின் கையில், நகத்தால் அழுத்தியதுபோல் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் நின்று இடித்த தடம் அது. ஊசிகள் உருள ஒரு டிகிரியாவது வேண்டும். 3 டிகிரிக்குள் நிறுத்துவது நல்லது.

அதிர்ந்தால் உடனே ஷாஃப்டை பேலன்ஸுக்கு அனுப்புகிறார்கள். பேலன்ஸ் கோளாறு சுற்றுக்கு ஒரு முறை உலுக்கும், கோணக் கோளாறு இரண்டு முறை. இரண்டாவதை எந்த பேலன்ஸாலும் தீர்க்க முடியாது.

“தாழ்த்தினால் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே 2 டிகிரி ஆப்பு போடு” என்பது அளக்காமல் சொல்வது. பட்டையின் பின் முனையில் நீண்ட ஷேக்கிள் போட்டுத் தாழ்த்தினால் பினியன் மூக்கு இறங்கும். பட்டையின் முன் முனையை உயர்த்திக் கட்டினால் மூக்கு ஏறும். இரண்டுக்கும் ஒரே ஆப்பு எப்படிப் பொருந்தும்? சக்கரம் தரையில் நிற்க, வழக்கமான சுமையோடு கியர்பாக்ஸ், ஷாஃப்ட், பினியன் மூன்றையும் அளந்து பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பட்டை முறுக்கிக்கொள்ள, மூக்கு மேலேறும். அதனால் இணை நிலைக்கு ஓரிரு டிகிரி கீழே வைப்பது சரி.

அப்படியும் ஆப்பு தேவைப்பட்டால் திசையில் கவனம் வேண்டும். ஆக்சில் பட்டைக்குக் கீழே இருந்தபோது தடித்த பக்கம் பின்னால் இருந்தால் மூக்கு ஏறும். ஆக்சிலை மேலே மாற்றியபின் அதே ஆப்பு, அதே பக்கம் வைத்தால் மூக்கு இறங்கும்.