எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் உள்ள வாட்ஸை நம்பலாமா?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பிராசஸர் என்ன, ராம் எத்தனை ஜிபி என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். எஸ்எம்பிஎஸ் பற்றி மட்டும் கேட்பதில்லை. கேபினெட்டோடு சேர்ந்து வருவதை அப்படியே வாங்கி வந்துவிடுகிறார்கள். இது பெரிய தவறு என்பேன்.

சென்ற பொங்கலுக்கு இண்டூர் போயிருந்தேன். இன்ஜினியரிங் சேர்ந்த மகளுக்காக மாமா கடன் வாங்கி ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்திருந்தார். ஐ3-12100எஃப் பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. வரைபட சாப்ட்வேரைத் திறந்து பத்து நிமிடம் வேலை செய்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடும். வைரஸ் என்று சொல்லி இரண்டு முறை விண்டோஸை மாற்றிப் போட்டு, இரண்டு முறையும் பணம் வாங்கியிருக்கிறார்கள்!

"450 வாட்ஸ் போட்டிருக்காங்களே மாப்ளே, பத்தாதா?" என்றார் மாமா.

கேபினெட்டைத் திறந்து ஸ்டிக்கரைப் பார்த்தேன். 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர், 5 வோல்ட்டுக்கு 25, 3.3 வோல்ட்டுக்கு 20. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்ஸ் கிடைக்கும். 168, 125, 66. மூன்றையும் கூட்டினாலும் 359தான். பிறகு 450 எங்கிருந்து வந்தது?

அதைவிட முக்கியம் 12 வோல்ட் கணக்கு. 2000ல் பென்டியம் 4 வந்த காலத்திலிருந்தே பிராசஸருக்கான மின்சாரம் 12 வோல்ட் வழியாகத்தான் போகிறது. கிராபிக்ஸ் கார்டுக்கும் பெரும்பகுதி அதே வழிதான். இந்த பிராசஸர் அதிகபட்சமாக 89 வாட்ஸ் இழுக்கும். கார்டு 75. மொத்தம் 164. ஃபேன்களையும் சேர்த்தால் 168ல் மிச்சம் ஏது? அதுவும் அந்த 168 உண்மையாக இருந்தால்!

இன்னொன்றையும் கவனியுங்கள். மாலையில் பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் ஓடினால் மாமா வீட்டில் பல்பு மங்கிவிடும். நம் ஊர்களில் இது சகஜம். ஆகவே இன்புட் 100-240 வோல்ட் என்று போட்ட எஸ்எம்பிஎஸ் நல்லது. அந்தப் பழையதில் 220-240 என்றிருந்தது.

அதற்காக 750 வாட்ஸுக்கு ஓடவும் வேண்டாம். 80 பிளஸ் சான்று பெற்ற, 12 வோல்ட்டில் 36 ஆம்பியர் தரும் 450 வாட்ஸ் இந்த கம்ப்யூட்டருக்குத் தாராளம். கிராபிக்ஸ் கார்டே இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டர் பெரும்பாலும் 100 வாட்ஸைக்கூடத் தாண்டாது. ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற கார்டு போடுவதாக இருந்தால் என்விடியாவே 550 வாட்ஸ் பரிந்துரைக்கிறது. பெரிய எஸ்எம்பிஎஸ் வாங்கினால் கரண்ட் பில் ஏறும் என்ற பயமும் வேண்டாம். கம்ப்யூட்டர் கேட்கும் அளவைத்தான் அது இழுக்கும். தேவையில்லாமல் கூடுதல் விலை கொடுப்பதுதான் நஷ்டம்.

தர்மபுரியில் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினோம். ரீஸ்டார்ட் தொல்லை அன்றோடு நின்றது. பழையதைத் தூக்கிப்போட மட்டும் மாமாவுக்கு மனசு வரவில்லை. 450 என்று போட்டிருக்கிறதாம், பரண்மேல் வைத்திருக்கிறார்.