துன்ப காலத்தில் எழுதுவோர்: கிறித்தவ எழுத்தாளர்களை முன்வைத்துச் சில எண்ணங்கள்



மாதச் சம்பளம் தரும் வேலை எதிலும் சேராமல், எழுதியதற்கு எழுதியபடி கூலி பெற்று வாழ முயலும் எழுத்தாளர்கள் நம்மிடையே மிகச் சிலர். அவர்களுள்ளும் கிறித்தவ எழுத்தை மேற்கொண்டோர் விரல்விட்டு எண்ணத் தக்கவர். ஞாயிறு மறைப்பள்ளிக்கான கதைகள், தியானக் கட்டுரைகள், ஆலய மலர்களுக்கான கவிதைகள், மொழிபெயர்ப்புகள் என்று அவர்கள் எழுதி வருகின்றனர். இத்தகையோர் ஊக்கம் குன்றாமல் இருக்க என்ன வழி என்று அண்மையில் ஆசிரிய நண்பர்களிடையே ஒரு பேச்சு எழுந்தது. "மன்றாடினால் ஊக்கம் தானே வரும்" என்றார் ஒருவர். "ஊழியமாக எண்ணி எழுதுகிறவருக்குச் சோர்வு ஏது?" என்றார் மற்றொருவர். இரண்டு விடைகளிலும் பாதி உண்மை உண்டு. விடுபட்ட மற்றப் பாதியைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

காலம் கடினமானது என்பதில் ஐயமில்லை. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளிதழ் 2019ஆம் ஆண்டில் நின்றுபோனது. எத்தனையோ பேர் தம் முதல் கவிதையை அச்சில் கண்ட இதழ் அது! அடுத்த ஆண்டே, 2020 மார்ச்சு 18 முதல், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஆலயக் கதவுகள் மூடப்பட்டன. ஆலயம் மூடினால் ஆண்டு மலர் இல்லை. மலர் இல்லையேல் கட்டுரை கேட்பார் இல்லை. ஆணை நீங்கிய பின்னரும் நின்றுபோன மலர்கள் எல்லாம் மீண்டும் அச்சேறிவிடவில்லை. பற்றாக்குறைக்கு, தலைப்பைச் சொன்னால் கணினியே நொடியில் ஒரு தியானக் கட்டுரையை எழுதித் தருகின்ற காலமும் வந்துவிட்டது. இந்நிலையில் ஒருவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டால் அவரை நம்பிக்கை குறைந்தவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பேச்சின்போது எனக்கு நினைவுக்கு வந்தவர் ஜான் பன்யன். (பனியன் என்று எழுதினால் நம் மாணவர்கள் சிரிப்பார்கள் என்பதால் பன்யன் என்றே எழுதுகிறேன்.) 'மோட்சப் பயணம்' என்ற பெயரில் தமிழ்க் கிறித்தவர்கள் அறிந்த நூலின் ஆசிரியர். இங்கிலாந்தில் பெட்போர்டு நகருக்கு அருகில் 1628இல் பிறந்தவர். உயர்கல்வி ஏதும் பெறாதவர். ஓட்டைப் பாத்திரங்களை ஒட்டிச் செப்பனிடுவது அவர் குடும்பத் தொழில். அரசு ஏற்ற திருச்சபையின் இசைவு பெறாமல் மறையுரை ஆற்றினார் என்று 1660இல் சிறைப்பட்டார். "இனிப் பேசமாட்டேன்" என்று ஒரு வாக்குக் கொடுத்திருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். அவர் கொடுக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலேயே கழிந்தன.

அவர் வீட்டின் நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் மனைவி இறந்துவிட்டார். அவர் விட்டுச் சென்ற நான்கு பிள்ளைகளுள் மூத்தவளான மேரிக்குப் பிறவியிலேயே பார்வையில்லை. பன்யன் கைதானபோது இரண்டாம் மனைவி எலிசபெத் கருவுற்றிருந்தார். செய்தி கேட்ட அதிர்ச்சியில் குறைமாதத்தில் குழந்தை பிறந்து இறந்தது. 1661இல் அந்த அம்மையார் நீதிபதிகள் முன் தாமே சென்று கணவருக்காக வாதாடினார். நான்கு சிறு பிள்ளைகள், அவர்களுள் ஒருத்திக்குப் பார்வையில்லை, பிறர் இடும் உதவியில் உண்கிறோம் என்று எடுத்துரைத்தார். பயன் விளையவில்லை.

இத்தகைய நிலையில் பன்யன் சிறைக்குள் என்ன செய்தார்? எழுதினார் என்றுதான் எல்லாரும் சொல்வோம். உண்மை. ஆனால் அதற்கு முன் அவர் செய்த வேறொரு வேலை இருக்கிறது. நுனியில் உலோகக் கூர் பொருத்திய நீண்ட நாடாக்களைச் செய்தார். அக்காலத்தில் ஆடைகளையும் காலணிகளையும் இழுத்துக் கட்ட உதவிய நாடாக்கள் அவை. நூற்றுக்கணக்கான குரோசு நாடாக்களை முடித்து விற்கக் கொடுத்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. ஒரு குரோசு என்பது 144. அந்தக் காசு வீட்டிற்குச் சென்றது. எஞ்சிய நேரத்தில், கையில் இருந்த விவிலியத்தையும் மறைச்சாட்சிகளின் வரலாற்று நூலையும் துணையாகக் கொண்டு எழுதினார்.

இதை நான் மிகப் பெரிய செய்தியாகக் கருதுகிறேன். பன்யன் தம் எழுத்தின் தலையில் வீட்டு அரிசியின் சுமையை ஏற்றவில்லை. எழுத்து விற்றால் நன்று. விற்காவிட்டால் நாடா இருக்கிறது. நம்மிடையே எழுத்தாளர் ஒருவர் பிள்ளைகளுக்குக் கூடுதல் வகுப்பு எடுத்தாலோ, அச்சகத்தில் பிழை திருத்தினாலோ, "எழுத்தாளர் பிழைப்புக்காக இறங்கிவிட்டார்" என்று பரிதாபப்படுகிறோம். பரிதாபப்பட இதில் என்ன இருக்கிறது? வயிற்றுக்கு வேறு வழி இருக்கின்றவரால்தான் மனத்திற்குப் பட்டதை எழுத முடியும். கேட்டவர்க்கெல்லாம் கேட்டபடி எழுதிக் கொடுத்து, முடிவில் தம் குரலையே மறந்துபோன சிலரை நான் அறிவேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிறையின் முதல் ஆறு ஆண்டுகளில் அவருடைய நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. தம் வாழ்க்கையைத் தாமே எழுதிய புகழ்பெற்ற நூல் 1666இல் வந்தது. அடுத்த ஆறு ஆண்டுகளிலோ வெளிவந்தவை மிகச் சில. இந்த இடைவெளிக்கு ஆய்வாளர் பல காரணங்களைக் கூறுவர். காரணம் எதுவாயினும், அச்சில் ஏறக்குறைய ஒன்றும் வராத நீண்ட காலம் அந்த மாபெரும் எழுத்தாளருக்கும் இருந்தது. ஆறு மாதம் ஒன்றும் வெளிவராவிட்டால் "எனக்கு அருள் வற்றிவிட்டது" என்று கலங்குவோர் இதனை அறிந்துகொள்வது நலம். 'மோட்சப் பயணம்' 1678இல் வெளிவந்தபோது அவர் ஐம்பது வயதை நெருங்கியிருந்தார். அந்நூலையும் வேறொரு நூலை எழுதிக்கொண்டிருந்த இடையில், தம் மனமகிழ்ச்சிக்காகவே தொடங்கியதாக முன்னுரையில் சொல்கிறார். நண்பர்களிடம் காட்டியபோது அச்சிடு என்று சிலரும் வேண்டாம் என்று சிலரும் சொன்னார்களாம். அவர் அச்சிட்டார்.

நிற்க. இந்நூலுக்கும் நம் தமிழுக்கும் ஓர் உறவு உண்டு. அதுவும் ஒரு தமிழாசிரியரின் வழியாக வந்த உறவு! நெல்லைச் சீமையில் 1827இல் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். வைணவக் குடும்பத்தில் தோன்றி, 1858இல் கிறித்தவ சமயம் தழுவியவர். பன்யனின் கதையைத் தழுவி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் அவர் பாடியதே 'இரட்சணிய யாத்திரிகம்'. அது 1894இல் நூலாக வந்தபோது அவருக்கு வயது அறுபத்தேழு. வகுப்பில் பாடம் நடத்தி, ஏடு திருத்தி, எஞ்சிய பொழுதில் செய்த வேலை. நமக்குத் தெரியாத பொழுதா அது?

இத்தனை பெரிய காப்பியம் எப்படி முடிந்தது? 'நற்போதகம்' என்ற மாத இதழில் அது பல ஆண்டுகள் தொடராக வந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். மாதந்தோறும் ஓர் இதழ் காத்திருந்தது. என் கருத்தில், ஊக்கம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதுதான்: நம் எழுத்துக்காக எங்கோ ஒருவர் காத்திருக்கிறார் என்ற அறிவு. அது உள்ளிருந்து மட்டும் ஊறி வருவதன்று. வெளியிலிருந்தும் ஒருவர் கேட்க வேண்டும், நாள் குறிக்க வேண்டும், வந்ததைப் படித்து இரண்டு சொல் சொல்ல வேண்டும். வகுப்பறையில் நாம் காணாததா? கட்டுரை ஏட்டைத் திருத்தாமல் மூன்று வாரம் வைத்திருந்தால் நன்றாக எழுதும் பிள்ளையும் நான்காம் வாரம் அரைப்பக்கத்தோடு நிறுத்திவிடுகிறது. அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

இப்போது ஊழியம் என்ற சொல்லுக்கு வருகிறேன். அச்சொல்லின் மேன்மையை நான் குறைத்துப் பேசவில்லை. கிறித்தவ எழுத்தாளர் தாமே அதைச் சொல்லும்போது அது அவருக்கு வலிமை. எழுத்தை வாங்குகிறவர் சொல்லும்போதோ அது பெரும்பாலும் கூலியைத் தவிர்க்கும் வழியாகிவிடுகிறது. ஆண்டு மலர் வெளியிடும் குழுவினர் அச்சகத்தாருக்குப் பணம் கொடுக்கின்றனர். அட்டைப்படம் வரைந்தவருக்குக் கொடுக்கின்றனர். வெளியீட்டு விழாவில் மீகூன் பொரித்தவருக்கும் தவறாமல் கொடுக்கின்றனர். எழுதியவருக்கு மட்டும் ஒரு பொன்னாடையும் "கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார்" என்ற வாழ்த்தும்! உழைப்பவன் கூலிக்கு உரியவன் என்று அவர்கள் கைகளில் உள்ள விவிலியமே கூறுகிறது என்பதை இங்கே நினைவூட்டலாம்.

இதில் நம் தமிழ்ப்பள்ளிகளும் விலக்கல்ல. பெற்றோர் ஆசிரியர் சங்க மலருக்கு உள்ளூர் எழுத்தாளரிடம் கட்டுரை கேட்கிறோம். அவர் எந்தச் சமயத்தவராயினும் நாம் நடத்தும் முறை ஒன்றே. நூல் வெளியீட்டுக்கு அழைத்தால் போகிறோம், முதல் வரிசையில் அமர்கிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். நூலை அன்பளிப்பாகப் பெற்று வருகிறோம். இருபது வெள்ளி கொடுத்து வாங்கியவர் எத்தனை பேர்?

பள்ளியாண்டு முடிவில் மலர்க் குழுக்கள் கூடும். பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பில் உள்ளவர்கள் இம்முறை செலவுப் பட்டியலில் 'கட்டுரையாளர்' என்று ஒரு வரியைச் சேர்த்து, எதிரில் ஐம்பது வெள்ளியாயினும் குறித்து வையுங்கள். பணத்தோடு, அடுத்த கட்டுரை எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.