சாலை சொல்லும் டயர்

ரேஸ் சைக்கிளுக்குப் புது டயர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எது நல்லா ஸ்பீடாப் போகும்?" என்பதுதான். பழவேற்காடு ஏரிக்கரையின் தோணிரேவில் இருந்து பொன்னேரிக்குச் சைக்கிள் மிதிக்கிறவர் கேட்க வேண்டியது அதுவல்ல. "எது முள்ளுக்குத் தாங்கும்?" என்றுதான் கேட்க வேண்டும்.

பழவேற்காடு ஏரியைச் சுற்றிய ஊர்களில் சீமைக்கருவேலம் இல்லாத ஓரம் குறைவு. விறகுக்கும் வேலிக்கும் வெட்டி இழுத்துப் போகிற மிளார்களில் இருந்து முள் வழியெல்லாம் உதிரும். மழைக்காலம் முடிந்தால் சாலையோரத்தில் மணலோடு உடைந்த கிளிஞ்சலும் வந்து சேரும். எதிரே இறால் பெட்டி ஏற்றிய வண்டி வந்தால் சைக்கிள்காரர் அந்த ஓரத்தில்தான் இறங்கியாக வேண்டும். காய்ந்த கருவேல முள்ளின் நுனி டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். டியூபுக்கு மட்டும் ஒட்டுப் போட்டு மாட்டினால் கொஞ்ச தூரத்தில் மறுபடியும் காற்று இறங்கிவிடும். அதனால்தான் தொழில் தெரிந்த பஞ்சர் கடைக்காரர் டயரின் உட்புறம் முழுக்க ஒரு பருத்தித் துணியை ஓட்டிப் பார்ப்பார். துணி எங்கே சிக்கி நூல் பிரிகிறதோ அங்கே முள் இருக்கிறது. குறட்டால் அதைப் பிடுங்கிய பிறகுதான் சொல்யூஷனைக் கையில் எடுப்பார்.

இப்படிப்பட்ட சாலைக்கு 23 மில்லிமீட்டர் அகல டயர் ஆகாது. அதற்கு 100 பவுண்டு அளவுக்குக் காற்று அடிக்க வேண்டும். குழியில் விழுந்தால் அடி நேராக ரிம்முக்கும் முதுகுக்கும் போகும். ஒல்லி டயர்தான் வேகம் என்ற நம்பிக்கையும் பழங்கதையாகிவிட்டது. ஒரே காற்றழுத்தத்தில் அகல டயர் உருள்வதற்கு எடுத்துக்கொள்ளும் விசை குறைவு. 23-ல் ஓடிய தொழில்முறைப் பந்தயக்காரர்களே 25-க்கும், பிறகு 28-க்கும் போய்விட்டார்கள். 1887-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் காற்று டயரைச் செய்ததே, மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் கரடுமுரடான தரையில் குலுங்காமல் போகத்தான். அந்தக் காற்றைக் கல்லாக இறுக்கி ஓட்டுவதில் என்ன பலன்?

ஆகவே 28, ஃபிரேமில் இடம் இருந்தால் 32. நடுத்தர எடையுள்ளவருக்கு 28-ல் 75 பவுண்டும், 32-ல் 60 பவுண்டும் போதும். வாங்கும் முன் பிரேக்குக்கும் டயருக்கும் நடுவே, ஃபிரேமின் இரண்டு பக்கமும், எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரப்பருக்கு அடியில் முள் தடுக்கும் பட்டை வைத்த டயராகக் கேளுங்கள். ஷ்வால்பே மாரத்தான், கான்டினென்டல் கேட்டர்ஸ்கின் போன்றவை அந்த வகை. எடை சற்றுக் கூடும், விலையும் கூடும். வெயிலில் தள்ளிக்கொண்டு நடக்கிற ஒரு பகலை மிச்சப்படுத்தினால் அந்த விலை வந்துவிடும். பட்டன் மாதிரி ஆழமாக வெட்டிய டயர்தான் மழைத் தாரில் பிடிக்கும் என்று எண்ண வேண்டாம். சைக்கிள் ஓடும் வேகத்துக்கு வழவழப்பான டயரே தண்ணீரைப் பிதுக்கித் தள்ளிவிடும்.

அளவில்தான் நம் ஊரில் அதிகம் ஏமாறுகிறோம். மீன் பெட்டி கட்டிப் போகிற பழைய பெரிய சைக்கிளின் டயரையும் "28 இன்ச்" என்கிறோம். ரேஸ் சைக்கிள் டயரையும் சிலர் அப்படியே சொல்கிறார்கள். முன்னது உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர், பின்னது 622. ஒன்று மற்றதற்குப் பொருந்தாது. பழைய டயரின் பக்கவாட்டில் 28-622 என்பது போல அச்சாகியிருக்கும் எண்ணைப் பார்த்து, அந்த 622-ஐச் சொல்லிக் கேளுங்கள். வால்வும் வேறு. ரேஸ் சைக்கிளின் மெல்லிய பிரெஸ்டா வால்வில் ஊர்க் கடைக் கம்ப்ரஸர் பிடிக்காது; திருகி மாட்டுகிற சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டு வையுங்கள்.

எப்போது மாற்றுவது? பின் டயரின் நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகிவிட்டால், உள்நூல் தெரிந்தால், வெயிலில் நின்று பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். உடம்பின் பாரம் பின்னால் விழுவதால் பின் டயர்தான் முதலில் தேயும். கையில் ஒரு டயருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், புதியதை அங்கே மாட்டாதீர்கள். நன்றாக இருக்கும் முன் டயரைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, புதியதை முன்னால் மாட்டுங்கள். பின் டயர் வெடித்தால் பெரும்பாலும் சமாளித்து நிறுத்திவிடலாம். முன் டயர் வெடித்தால் ஹேண்டில் கைக்கு அடங்காது, ஆளே விழுவார். நல்ல டயர் எப்போதும் முன்னால்தான் இருக்க வேண்டும்.