மலைச்சரிவில் வேலி

பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலிருந்து அன்பர் ஒருவர் இப்பகுதிக்குக் கடிதம் வரைந்துள்ளார். தமக்குப் புதிதாகக் கிடைத்த 10 பேர்ச்சஸ் காணிக்கு வேலி அமைக்க விரும்புகிறாராம். காணியோ கூரைபோற் சரிந்து கிடக்கின்றதாம். முட்கம்பி நல்லதா, மதில் நல்லதா என்று வினவுகிறார்.

கேள்வி சிறிது, அதன் பின்னாலுள்ள வரலாறு பெரிது. இலங்கையில் 1867ஆம் ஆண்டு தேயிலைப் பயிர்ச்செய்கை வர்த்தக முறையில் தொடங்கிய காலந்தொட்டு, பிறருடைய எல்லைகளைக் காத்தும் பிறருடைய நிலத்திற் கான் வெட்டியும் வாழ்ந்த மக்கள், லயத்து அறைகளுக்கு அப்பால் ஒரு முழ நிலத்தையேனும் தமதென்று கூறவியலாதிருந்தனர். அண்மைக் காலத்தில் 7 பேர்ச்சஸ் வீதமும், பின்னர் 10 பேர்ச்சஸ் வீதமும் வீட்டுக்காணி வழங்கும் திட்டங்கள் வந்தன. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையிலேயே இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் 2,000 பயனாளிகளுக்கு ஆவணங்கள் கையளிக்கப்பட்டன. 10 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 2,722 சதுர அடி. வீடு, அடுக்களைத் தோட்டம், கோழிக்கூடு யாவும் அதற்குள் அடங்க வேண்டும். ஆகவே எல்லையிடும் ஆவல் இயல்பே. எனினும், முட்கம்பியா மதிலா என்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி வேறொன்றுண்டு: அக்காணியின் மேல் விழும் மழைநீர் எவ்வழியாகச் செல்கின்றது?

ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலுள்ள பண்டாரவளையின் மழைக்கு ஒரு தனிக்குணம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று அற்றனையும் நுவரெலியாவையும் நனைக்கும் ஆனி, ஆடி மாதங்களில், இடையேயுள்ள மலைகள் மழையைத் தடுத்துவிட, ஊவாவில் வறண்ட காற்றே வீசும். நிலம் காய்ந்து வெடிப்புறும். பின்னர் ஒக்டோபர் தொடங்கித் தை மாதம் வரை பெருமழை. காய்ந்த வெடிப்புகளின் வழியே நீர் விரைந்து உள்ளிறங்கும். சித்திரையிலும் ஒரு மழைக்காலம் உண்டாயினும் அஞ்ச வேண்டியது முன்னதற்கே.

எனவே கடிதமெழுதிய அன்பர் நல்ல மழையொன்றில் குடையுடன் காணியைச் சுற்றி வந்து, நீர் எங்கே புகுகின்றது, எங்கே தேங்குகின்றது, எங்கே வெளியேறுகின்றது என்று பார்த்து மூன்று இடங்களிலும் முளையடித்து வைப்பாராக. அம்முளைகளே அவருடைய வேலியின் வரைபடம்.

மதிலை விரும்புவோருக்கு ஒரு கணக்கு. மாணவ நேயர்களும் போட்டுப் பார்க்கலாம். சரிவுக்குக் குறுக்கே 40 அடி நீளமான மதிலின் பின்னால் 3 அடி உயரத்துக்கு நீர் தேங்கிவிட்டதாகக் கொள்வோம். ஒரு கன அடி நீர் 62.4 இறாத்தல். அப்படியானால் மதிலைத் தள்ளும் விசை 11,000 இறாத்தலுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 5 தொன். சேறும் சேர்ந்தால் இன்னும் அதிகம். ஓரிரவில் இவ்வளவு பாரத்தைத் தாங்குமாறு எவரும் வீட்டுமதில் கட்டுவதில்லை. அது சரியும்போது கீழ்வீட்டின் மீதே சரியும். மண்ணைத் தாங்குவதற்காகக் கற்கட்டு அவசியமாயின், அடியில் நீர் கசிந்து செல்லத் துவாரங்களும், கட்டின் பின்புறத்தே சரளைக்கல்லும் இட்டு, விஷயமறிந்த ஒருவரைக் கொண்டு கட்டுவிக்க வேண்டும். எல்லைக்கு மாத்திரமாயின் மதில் வேண்டாம் என்பதே எமது அபிப்பிராயம்.

கம்பி வேலி நீரை மறிப்பதில்லை. கம்பி வாங்குமுன் இன்னொரு சிறு கணக்கும் உண்டு. நில அளவையாளரின் வரைபடம் நிலத்தைக் கிடையாகவே அளக்கும். 30 பாகைச் சரிவில், வரைபடத்திலே 50 அடியாக உள்ள எல்லை, தரையோடு அளந்தால் 58 அடிக்குச் சற்றே குறையும். வரைபடத்தைப் பார்த்துக் கம்பி வாங்கியவர் மீண்டும் பட்டணத்துக்கு பஸ் ஏற நேரிடும்!

தூண்களை நடுகையில், சரிவுக்குச் செங்குத்தாக அன்றி, தூக்குக்குண்டு காட்டும் நேரில் நிறுத்த வேண்டும். குழியின் ஆழத்தை அதன் கீழ்விளிம்பிலிருந்தே அளக்க வேண்டும். மேல்விளிம்பிலிருந்து அளந்தால் இரண்டரை அடியென எண்ணியது சரிவுப்பக்கத்தில் ஒன்றரை அடியாகவே இருக்கும். அலவாங்கினாற் குழிதோண்ட, பெருமழைக்கு முன் மண் சிறிது நெகிழ்ந்திருக்கும் செப்டெம்பர் மாதம் உகந்தது. மரத்தூண்கள் அழுகத் தொடங்குவது பெரும்பாலும் தரைமட்டத்திலேயே, ஏனெனில் ஈரமும் காற்றும் ஒருங்கே சேருவது அங்கேதான். ஆதலால் குழியின் அடியிற் சரளைக்கல் இட்டு, அடிவாயில் மண்ணைக் குவித்து இறுக்கி, நீர் வழிந்தோடச் செய்ய வேண்டும். மூலைத்தூண்களுக்குக் கம்பியின் இழுவையைத் தாங்குமாறு முட்டுக் கொடுத்தல் அவசியம்.

சரிவுக்குக் குறுக்கே செல்லும் எல்லைகளில் கம்பியுடன் உயிர்வேலியும் சேருமாயின் அதற்கு நிகரில்லை. முள்முருக்கங் கம்புகளை ஒக்டோபர் மழையோடு நட்டால் வேர்கொள்ளும். வேர்கள் மண்ணைப் பிடிக்கும். வெட்டிய தழை தோட்டத்துக்கு உரமாகும். தேயிலைக்கு நிழல்மரமாக இதனை வளர்த்த கைகளுக்கு இதனை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. அடியிலே மானாப்புல்லோ வெட்டிவேரோ நெருக்கமாக நட்டால், ஓடிவரும் மண் அங்கே தங்கி, சில ஆண்டுகளில் தானாகவே ஒரு வரப்பு எழும்.

வேலியோரக் கானைப் பற்றியும் கூறவேண்டும். தேயிலை நிலத்திற் பக்கக் கான்கள் 120 அடிக்கு 1 அடி என்ற மெல்லிய சாய்விலேயே வெட்டப்படுவதை நேயர்கள் அறிவர். வீட்டுக்கானுக்கும் அவ்வளவே போதும். ஆனால் அது எங்கே முடிகின்றது? மேல்வீட்டார் வெட்டிய கான் கீழ்வீட்டாரின் அடுப்படியில் முடியுமாயின், முட்கம்பியின் இருபுறமும் நின்று பேசும் பேச்சு இனிமையாயிராது. வரிசையிலுள்ள நான்கைந்து வீட்டாரும் கூடி, யாவருடைய நீரும் இயற்கையான ஓடையைச் சேருமாறு ஒரே கானாக வெட்டுதல் நன்று. செலவும் குறையும்.

இறுதியாக ஒன்று. நேராக நட்டு, நன்கு இறுக்கிய தூண்கள் ஒரு வரிசையாகக் கீழ்நோக்கிச் சாய்ந்தால், தூண் நட்டவரை நோகவேண்டாம். சாய்வது வேலியன்று, நிலமாயிருக்கக் கூடும். மரங்களும் கம்பங்களும் வேலிகளும் சாய்தல், தரையிலும் சுவரிலும் வெடிப்பு, கதவுகள் திடீரென இறுகுதல், புதிதாக ஊற்றுத் தோன்றிக் கலங்கிய நீர் வருதல் ஆகியன மண்சரிவின் முன்னறிகுறிகள். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுள் மறைந்ததை ஊவாவில் எவரும் மறந்திலர். அவ்விடத்தின் அபாயம் பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆகவே சாய்ந்த தூண்களை நிமிர்த்திவிட்டு அமைதியடையாது, கிராம உத்தியோகத்தர் வாயிலாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். மழை வலுத்துப் பெய்யுமாயின் அறிவித்துவிட்டுக் காத்திராது குடும்பத்தோடு பாதுகாப்பான இடத்துக்கு அகல வேண்டும்.

இவ்வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். தூண்கள் நட்ட அன்றே ஒவ்வொன்றின் உச்சியிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் தூணின் அடிக்கும் உள்ள இடைவெளியைக் கொப்பியொன்றிற் குறித்து வைக்கட்டும். ஒக்டோபர் முதல் தை வரை ஞாயிறுதோறும் அளந்து எழுதி, இலக்கம் மாறினால் அன்றே தகப்பனாரிடம் காட்டட்டும்.